பீப்பாய்க்குள் போன சேவல்

2024 மார்ச் 16, சனிக்கிழமை. காலை 5.50க்கு எழுந்தேன். முகம் கழுவி, கீழே வந்து, சாமியறை விளக்கை ஏற்றி விபூதி பூசிக்கொண்டேன். ஆறு பத்துக்குத் தேநீர், சீனி இல்லாமல். ஆறு இருபதுக்கு, கடலோடு ஏறி இறங்கும் ஆற்றின் நீர்மட்ட அட்டவணையைப் பார்த்தேன். நண்பகலை ஒட்டி வற்றும் என்றிருந்தது. சனிக்கிழமையில் நீர் பகலில் வற்றினால் நான் தேம்ஸ் கரைச் சேற்றில் பழம்பொருள் தேடப் போவது வழக்கம். முழங்காலுறை, ரப்பர் கையுறை, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்கள் எல்லாம் ஒரு பையில் கதவடியில் தயாராக இருக்கும். அன்று அந்தப் பையை எடுக்கவில்லை. மாடிப்படியில் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். நாட்குறிப்பில் அந்த இடத்தில் "6.20 முதல் 7.05 வரை: ஒன்றும் செய்யவில்லை" என்று இருக்கிறது. இருபத்திரண்டு வருடக் குறிப்புகளில் அப்படி ஒரு வரி வேறெங்கும் இல்லை.

காரணம் ஒரு சேவல். இரண்டு நாளாக அது என்னை இருக்கவிடவில்லை.

நான் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இரத்தக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டி, எந்தக் குப்பி எப்போது எங்கிருந்து வந்தது என்று பதிவது என் வேலை. ஆற்றங்கரையில் தேடுவதும் ஏறக்குறைய அதே வேலைதான். அதற்கு அனுமதி அட்டை வேண்டும். கிடைத்தது முன்னூறு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் அருங்காட்சியகத்தில் அதற்கென உள்ள அலுவலரிடம் காட்டிப் பதியவேண்டும். எங்கே கிடந்தது, எந்த நிலையில் இருந்தது என்று சொல்லவேண்டும். நான் ஒவ்வொன்றையும் எடுப்பதற்கு முன் படம் பிடிப்பேன். மில்லிமீற்றரில் அளப்பேன். அலுவலர் இளம்பெண். என் டப்பாக்களைக் கண்டால் சிரிப்பாள். "உங்களைப்போல் எல்லாரும் இருந்தால் எனக்கு வேலையே இல்லை" என்பாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும்.

மார்ச் 14, வியாழக்கிழமை, மூன்று களிமண் புகைக்குழாய்களையும் ஓர் ஈய முத்திரையையும் காட்டப் போனேன். முத்திரை கிடந்த இடத்தின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு போனவள் ஒரு படத்தில் நின்றுவிட்டாள்.

"இது எங்கே?"

சேற்றில் கிடந்த ஒரு சிறிய உலோகச் சேவல். பக்கவாட்டில் நிற்கிறது. முதுகு முழுவதும் பச்சைக் களிம்பு. சிறகில் சிறு சிறு குழிகள், அவற்றுள் நீலமும் மங்கிய சிவப்பும்.

"அது பழையதில்லை, எங்கள் ஆட்களுடையது" என்றேன்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். பின்பக்கப் படமும் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. நான்தான் எல்லாவற்றையும் படம் பிடிப்பவனாயிற்றே. பின்னால் ஊசி பொருத்தும் இரண்டு காதுகளும், ஊசியின் நுனியைச் செருகும் ஒரு கொக்கியும் தெளிவாகத் தெரிந்தன. அவள் குரலை உயர்த்தவில்லை. உரோமர்கள் லண்டனை ஆண்ட காலத்துப் புரோச் இது என்றாள், ஏறக்குறைய ஆயிரத்தெண்ணூறு வருடம். மேலங்கியைத் தோளில் குத்திக்கொள்ள அணிந்தது. வெண்கலத்தில் குழிகள் வைத்து வார்த்து, அவற்றில் நிறக் கண்ணாடியை உருக்கி நிரப்பியிருப்பார்கள். அதுதான் எனாமல். முயல், நாய், வாத்து, மீன் என்று பல உருவங்களில் செய்திருக்கிறார்கள். சேவலும் உண்டு, ஆனால் நிறம் இவ்வளவு நிற்பது அரிது. சிலவற்றைக் கோவில்களில் காணிக்கையாகப் போட்டிருக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு என்றாள்.

"எப்போது கொண்டுவருகிறீர்கள்?"

தேடிப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய். அது எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அதை நான் எடுத்தது ஜனவரி 13ஆம் தேதி. கரையில் அந்த இடத்தில் எப்போதும் எங்கள் ஆட்கள் ஆற்றில் விடுபவை ஒதுங்கும்: தேங்காய் மூடி, அகல் விளக்கு, சிவப்புத் துணி சுற்றிய செம்பு, மூக்கு உடைந்த பிள்ளையார். கங்கை கிட்டாதவர்களுக்குத் தேம்ஸ். அவற்றை நான் தொடுவதில்லை. ஒருவர் ஆற்றுக்குக் கொடுத்ததை எடுப்பது சரியில்லை என்பது என் விதி. சேவலும் ஓர் அகலுக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் கண்டது முருகனுடைய கொடிச் சேவல். யாரோ நேர்த்திக்கு விட்ட தகட்டு உரு என்று நினைத்தேன். கண் சுகமானால் கண் தகடு, கால் சுகமானால் கால் தகடு என்று கொடுக்கிறோமே, அதுபோல. வேறு எந்த எண்ணமும் எனக்கு வரவில்லை. கிடந்த இடத்தை அளக்கவுமில்லை.

ஆனாலும் அன்று எடுத்துவந்தேன். விதியை மீறினேன். என் மனைவிக்கு அந்தக் கிழமை மார்பு ஸ்கானுக்குத் திரும்ப வரச்சொல்லியிருந்தார்கள். முதல் படத்தில் ஏதோ தெளிவில்லை என்றார்கள். அவள் முருகனைத்தான் கும்பிடுவாள். சேற்றில் சேவலைக் கண்டதும் கை தானாகப் போய்விட்டது.

ஜனவரி 18, வியாழன். வெள்ளிக்கிழமைக்காக விளக்குகள் துலக்குவது எங்கள் வீட்டில் என் வேலை. பழப்புளியைக் கரைத்து, தேங்காய்ப் பொச்சுத் தும்பால் தேய்த்து, கழுவித் துடைப்பேன். அன்று விளக்குகளோடு சேவலையும் புளிக்கரைசலில் போட்டேன். இருபது நிமிடம். குறிப்பில் இருக்கிறது. பச்சைக் களிம்பு எல்லாம் கழன்று, தங்கம் போல வந்தது. சிறகிலிருந்த சிவப்பு பொடியாகித் தண்ணீரோடு போயிற்று. மலிவான பெயின்ற் என்று நினைத்து, மீதியையும் தும்பால் நன்றாகத் தேய்த்தேன். நீலம் மட்டும் இரண்டு குழிகளில் பிடிவாதமாக நின்றது. 31 மில்லிமீற்றர், 11 கிராம்.

22ஆம் தேதி ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது. ஒன்றுமில்லை. 25ஆம் தேதி தைப்பூசம். நாங்கள் போகும் முருகன் கோவிலில் புது மணி வார்ப்பதற்காகப் பக்தர்களிடம் பழைய பித்தளை வாங்கிக்கொண்டிருந்தார்கள். மண்டபத்தில் ஒரு நீலப் பீப்பாய் இருந்தது. மனைவி சேவலை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றி அதற்குள் போட்டாள். "டங்" என்று ஒரு சத்தம் கேட்டது. அவள் அழுதாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

மார்ச் 18, திங்கட்கிழமை காலை, அந்தப் பீப்பாய் கப்பலுக்குப் போகிறது. தமிழ்நாட்டில் ஒரு வார்ப்படக்காரரிடம் போய் உருகும். கோவில் அறிவித்தல் பலகையிலும் அதைப் போட்டிருந்தார்கள்.

வியாழன் மாலை அவளிடம் சொல்லவில்லை. வெள்ளியும் சொல்லவில்லை. வேலையில் ஒரு குப்பிக்கு இரண்டு தரம் லேபிள் ஒட்டினேன். மேற்பார்வையாளர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

சனிக்கிழமை ஏழு ஐந்துக்கு மனைவி கீழே வந்தாள்.

"என்ன, ஆத்துக்குப் போகேல்லையோ?"

"இல்லை."

"காய்ச்சலோ?"

"இல்லை."

"அப்ப என்னத்துக்குக் காலமை தொடங்கிப் படியை அளக்கிறியள்? பதின்மூண்டு படி. போன கிழமையும் பதின்மூண்டுதான்."

நான் மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் புட்டுக்கு மா குழைத்தபடியே கேட்டாள்.

"ஆயிரத்தெண்ணூறு வருசத்துச் சாமானையோ நீங்கள் புளி போட்டுத் தேய்ச்சனீங்கள்?"

"ஓம்."

"உங்களை எல்லாரும் கெட்டிக்காரன் எண்டு நினைக்கினம்." சிரித்தாள். பிறகு, "அந்தக் காலத்து ஆக்களும் கோவிலுக்குக் குடுத்தவையோ? பாத்தியளே, அவைக்கும் நேர்த்தி இருந்திருக்கு" என்றாள்.

"அதைத் திருப்பி எடுக்கோணும்" என்றேன்.

மா குழைத்த கை நின்றது.

"முருகனுக்குக் குடுத்ததையோ?"

"அது எங்கட சாமானே இல்லை. நான் பதிஞ்சிருக்கோணும். திங்கக்கிழமை உருக்க அனுப்பப் போகினம். உருகினால் பிறகு ஒருத்தருக்கும் இல்லை."

அவள் கையைக் கழுவி, துடைத்து, என் முன்னால் வந்து இருந்தாள்.

"அந்தக் கடிதம் வரும்வரைக்கும் நான் எப்பிடி இருந்தனான் எண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"குடுத்ததைத் திருப்பி எடுத்தால், போனதும் திரும்பி வந்திடுமோ எண்டு எனக்குப் பயம். விசர்க்கதை எண்டு எனக்கும் தெரியும். ஆனால் பயம் பயம்தான்."

ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன் என்பது அந்த மேசையில் ஒன்றுக்கும் உதவவில்லை. புட்டு அவிந்தது. சாப்பிட்டோம். தட்டைக் கழுவும்போது அவள் திரும்பாமலே கேட்டாள்.

"கோவில் இண்டைக்கு எத்தனை மணி வரைக்கும்?"

"மத்தியானப் பூசை வரைக்கும்."

"வெளிக்கிடுங்கோ. முதல் அது கிடக்கோ எண்டு பாப்பம். கிடந்தால் பிறகு சொல்லுறன். எடுக்கலாமெண்டு நான் சொல்லேல்லை, விளங்குதோ?"

கிங்ஸ்பரியில் ஜூபிலி லைன் ரயில், பொண்ட் ஸ்ட்ரீட்டில் மாறி எலிசபெத் லைன். அவள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். நான் நேரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன். பீப்பாயை ஒரு நாள் முன்னதாகவே அனுப்பியிருப்பார்களோ, யாராவது அழகாயிருக்கிறதென்று எடுத்திருப்பார்களோ, அடியில் கிடந்து நசிந்திருக்குமோ என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு யோசனை வந்தது.

"காலை ஆட்டாதேங்கோ" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "பக்கத்திலை இருக்கிற பிள்ளைக்கும் சீற் ஆடுது."

கோவில் பொறுப்பாளர் முன்பு பஸ் ஓட்டியவர், இப்போது ஓய்வு. நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணை, இத்தனை வருசத்திலை கோவிலுக்குப் போட்டதைத் திருப்பிக் கேக்க வந்த முதல் ஆள் நீங்கள்தான். ரிசீட் வைச்சிருக்கிறியளோ?"

"படம் இருக்கு."

"படமோ! அப்ப கேஸ் பலம்தான்."

கிண்டல் செய்தாரே தவிர, தடுக்கவில்லை. மடைப்பள்ளிக்குப் பின்னால் உள்ள அறைக்குக் கூட்டிப்போனார். பீப்பாய் அங்கேயே நின்றது, வாய் கட்டி, லேபிள் ஒட்டி. கட்டை அவிழ்த்து, தார்ப்பாய் விரித்து, மூன்றுபேருமாகச் சரித்தோம். பித்தளை விழுந்த சத்தத்தில் மடைப்பள்ளியிலிருந்து ஒருவர் கரண்டியோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

குவியல் முழங்கால் உயரம். உடைந்த குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு, மூடியில்லாத தண்ணீர்க் கூசா, வளைந்த தாம்பாளம். சேவல்கள்! ஒன்றிரண்டு என்று நினைத்துத்தான் போயிருந்தேன். முருகன் கோவிலுக்கு எங்கள் சனம் வேறு எதைக் கொடுக்கும்? விளக்கின் உச்சியில் நிற்கும் சேவல், வேலின் அடியில் நிற்கும் சேவல், காலொடிந்தது, தலையில்லாதது. நான் அவற்றை ஒரு பக்கத்தில் வரிசையாக வைத்துக்கொண்டு போனேன். பதினான்கு வந்தது. எதிலும் நீலமில்லை.

"இதிலை எது அண்ணை உங்கட? கூவச் சொல்லிப் பாருங்கோவன்" என்றார் பொறுப்பாளர்.

பதினொன்று பத்து ஆயிற்று. என் விரல்கள் கறுத்துவிட்டன. ஒவ்வொரு செம்பையும் கவிழ்த்து உள்ளே பார்த்தேன், பார்த்ததையே திரும்பவும் கவிழ்த்தேன். அவள் எனக்கு எதிர்ப்பக்கத்தில் சேலையைச் செருகிக்கொண்டு குந்தியிருந்தாள். ஒரு கட்டத்தில் அவள் தேடுவதை நிறுத்திவிட்டதைக் கவனித்தேன். வலது கையை மூடி மடியில் வைத்திருந்தாள்.

"என்ன?" என்றேன்.

கையைத் திறந்தாள். சேவல். வாலின் குறுக்கே புதிதாக ஒரு கீறல். சிறகில் இரண்டு நீலப் புள்ளிகளும் அப்படியே இருந்தன.

"எவ்வளவு நேரமா வைச்சிருக்கிறீர்?"

"அஞ்சு நிமிசம் இருக்கும்."

மறுபடி கையை மூடிக்கொண்டாள். நான் கை நீட்டவில்லை.

அந்த நேரத்தில் ஐயர் வந்தார். எங்களைவிடப் பத்து வயது இளையவர். பொறுப்பாளர் அவருக்குக் கதையைச் சொன்னார். ஐயர் அவளுடைய மூடிய கையைப் பார்த்தார்.

"அக்கா, நீங்கள் வைச்ச நேரமே முருகன் வாங்கீட்டார். இனிக் கிடக்கிறது பித்தளை. ஊரிலை நேர்த்திக்கு வந்த மாம்பழத்தையும் சேவலையும் கோவிலிலேயே ஏலம் விடுறம்தானே, ஆர் எடுத்தாலும் நேர்த்தி குறையாது. ஆனால் உங்களுக்கு மனம் கேக்காட்டி, நான் சொல்லி ஒண்டும் ஆகாது. குடுத்த கை உங்கட."

அவர் பூசைக்குப் போய்விட்டார். மணி அடிக்கத் தொடங்கியது.

நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். ஜனவரியில் தபால்காரன் வரும் நேரங்களில் இருந்த அதே முகம்.

"நீர் போட்டுவிடும்" என்றேன். "பீப்பாய்க்குள்ளை போட்டுவிடும். நான் கடிதம் எழுதிச் சொல்லுறன், எடுக்க ஏலாமல் போச்செண்டு. நடந்ததைச் சொல்லுறன்."

"அனுமதி அட்டையைப் பறிச்சாலோ?"

"பறிக்கட்டும். சனிக்கிழமையிலை வீட்டிலை நிக்கிறன்."

"ஐயோ, அந்தத் தண்டனை எனக்கு வேண்டாம்" என்றாள். ஆனால் சிரிக்கவில்லை. எழுந்து, சேவலை மூடிய கையோடு மண்டபத்துக்குப் போனாள்.

நான் குவியலைப் பீப்பாய்க்குள் எடுத்துப் போடத் தொடங்கினேன். பொறுப்பாளரும் சேர்ந்தார். கதவு வழியாக அவள் கோவில் உள்வீதியைச் சுற்றுவது தெரிந்தது. ஒரு சுற்று. இரண்டு. மூன்றாவதில் மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். தீபாராதனை முடிந்தது. சனம் கலைந்தது. அவள் அசையவில்லை. நான் அந்தப் பதினான்கு சேவல்களையும் உள்ளே போட்டேன். பீப்பாயின் வாயைக் கட்டாமல் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பொறுப்பாளரும் கயிற்றைக் கேட்கவில்லை.

பன்னிரண்டு இருபதுக்கு வந்தாள். நெற்றியில் புதிதாக விபூதி. என் சட்டைப் பையில் எதையோ போட்டாள். நான் மேலிருந்து தொட்டுப் பார்த்தேன்.

"ஒண்டு சொல்லோணும்" என்றாள். "நீங்கள் அங்கை போய் எழுதிக் குடுப்பியள்தானே, எங்கை எடுத்தது, எத்தனை கிராம் எண்டு."

"ஓம்."

"நான் குடுத்ததையும் எழுதோணும். தைப்பூசத்திலை முருகனுக்குக் குடுத்தது எண்டு. அது கணக்கிலை இருந்தால், நான் திருப்பி எடுத்த மாதிரி எனக்குப் படாது. அவர் வாங்கினது எழுத்திலை நிக்கும்."

அப்படி எழுத இடமிருக்குமோ தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"எழுதுறன்" என்றேன்.

வீடு வந்து சேர 2.05. சேவலை டப்பாவில் பஞ்சு வைத்துப் படுக்க வைத்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் சிவப்பு இருந்த குழிகளின் விளிம்பில் என் தும்பு இழுத்த கோடுகள் தெரிந்தன. ஆயிரத்தெண்ணூறு வருடம் சேற்றில் கிடந்து போகாத நிறம் என் சமையலறைத் தொட்டியில் இருபது நிமிடத்தில் போயிருக்கிறது. அன்று மாலை முழுவதும் டப்பாவைத் திறந்தேன், மூடினேன். எதை எழுதுவது, எதை விடுவது என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். புளியை விட்டுவிட்டால் "மேற்பரப்பு தேய்ந்துள்ளது" என்ற ஒரு வரியோடு போய்விடும். ஆறுதான் தேய்த்தது என்று எல்லாரும் நினைப்பார்கள். அந்தத் தாளைக் கிழித்தேன். எட்டரைக்குச் சாப்பிட்டேன். பத்துக்குப் படுத்தேன். தூக்கம் சரியில்லை.

மார்ச் 17, ஞாயிறு. 5.50க்கு எழுந்தேன். வேறொன்றும் செய்யாமல் நேரே மேசைக்கு வந்து அலுவலருக்கு மின்னஞ்சலில் கடிதம் எழுதினேன். ஜனவரி 13: எடுத்தேன், இடத்தை அளக்கவில்லை, என் பிழை. ஜனவரி 18: பழப்புளியில் இருபது நிமிடம், தென்னந்தும்பால் தேய்த்தேன், சிவப்பு எனாமல் முழுவதும் போனது, செய்தவன் நான். ஜனவரி 25: தைப்பூச நாளில் என் மனைவி முருகனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தாள். மார்ச் 16: அவளுடைய சம்மதத்தோடு கோவிலிலிருந்து பெற்றுக்கொண்டேன்.

மனைவி எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. பின்னால் நின்று, தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"என்னத்துக்குக் குடுத்தது எண்டு போடேல்லையே."

"போடவோ? ஆக்கள் வாசிப்பினம்."

என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தாள்.

"போடுங்கோ. சுகம் வந்ததுக்கு எண்டு போடுங்கோ."

ஜனவரி 25 என்ற வரிக்குப் போய் அதைச் சேர்த்தேன். 6.31க்கு அனுப்பினேன்.